பங்குனி உத்திரமும் கூரை உத்திரமும்

முருகா சரணம்.

கொஞ்சம் நீளமான பதிவு. ரயில்ல உக்காந்து படிக்கிறவங்க நிதானமா படிங்க. வேலையில இருக்கிறவங்க ராத்திரி படிச்சா போதும்.

பங்குனி உத்திரம் வருது. பந்தல், தோரணம், அன்னதானம்னு தொண்டர்களுக்கு லிஸ்ட் போட்டாச்சு. இந்த வருஷம் புதுசா நிறைய தம்பிங்க பேர் கொடுத்திருக்காங்க. ரொம்ப சந்தோஷம். முக்கியமா அவங்களுக்காகத்தான் இதை எழுதுறோம்.

உத்திரம்னா நட்சத்திரம் மட்டும் இல்ல. கூரையைத் தாங்குற மரத்துக்கும் உத்திரம்னுதான் பேரு. அந்த உத்திரத்தைப் பத்தியும், அதோட சேர்ந்து பாரம் சுமக்குற சின்னச் சின்ன சட்டங்களைப் பத்தியும், அந்த விஷயத்துல நாங்க செஞ்ச ஒரு தப்பைப் பத்தியும் சொல்லணும். இவ்வளவு நாளா கமிட்டிக்கும் சில பேருக்கும் மட்டும் தெரிஞ்ச தப்பு. புதுத் தம்பிங்களுக்கும் தெரியறது நல்லதுன்னு தோணுச்சு.

நாங்க எட்டுப் பேர். எல்லாருக்கும் துவாஸ்ல இரும்பு வேலை. வெல்டர் இருக்கார், ஃபிட்டர் ரெண்டு பேர், கிரேன் ஓட்டுறவர், லாரி ஓட்டுறவர், பெயிண்டிங் பாக்குறவங்க. இதை டைப் பண்றது சூப்பர்வைசர். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான். இரும்போட பழக்கம் முப்பது வருஷம். வாரத்துல ஆறு நாள் பேக்டரிக் கூரைக்கு இரும்பு வெட்டி, துளை போட்டு, வெல்டு வச்சு அனுப்புறோம். ஞாயித்துக்கிழமை துவாஸ் லிங்க்ல ரயில் ஏறி கோயிலுக்கு வந்துடுவோம். பாத்திரம் தூக்குறது, பந்தல் கட்டுறது, வாகனம் தள்ளுறது எங்க வேலை.

முதல்ல ஊர்க் கூரையிலேருந்து ஆரம்பிக்கிறோம். எல்லாருக்கும் தெரிஞ்சது அதுதானே.

எங்கள்ல பாதிப் பேர் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கம். மீதிப் பேர்ல பட்டுக்கோட்டைக்காரங்க அதிகம். எல்லாரும் ஓட்டு வீட்டுல பொறந்து வளர்ந்தவங்க. பாயில மல்லாந்து படுத்தா மேல தெரியுறது கூரைதான். ஓடு இருக்கும். ஓட்டுக்குக் கீழ குறுக்கே மெல்லிசா ரீப்பர். ரீப்பருக்குக் கீழ சரிவா இறங்குற கைமரம். கைமரத்தோட மேல் நுனி மோட்டுல உத்திரத்து மேல உக்காரும். கீழ் நுனி சுவத்து மேல உக்காரும். எங்க பக்கம் வைரம் பாஞ்ச பனையைப் பிளந்துதான் இதுக்குப் போடுவாங்க. பனங்கைன்னு சொல்லுவோம். கையை நீட்டி பாரத்தை வாங்கிக்குற மரம், அதனாலதான் 'கை'ன்னு பேரு வந்துச்சோன்னு எங்களுக்குத் தோணும்.

மழையில நனைஞ்ச ஓடு கனக்கும். அந்தக் கனத்தை ஓடு ரீப்பர்கிட்ட கொடுக்கும். ரீப்பர் கைமரத்துக்கிட்ட, கைமரம் உத்திரத்துக்கிட்டயும் சுவத்துக்கிட்டயும், சுவர் மண்ணுக்கிட்ட. கும்பாபிஷேகத்துக்குத் தீர்த்தக் குடத்தை வரிசையா நின்னு கைமாத்திக் கைமாத்தி மேல கொண்டு போறோம் இல்லையா, அதைத் தலைகீழா நினைச்சுக்குங்க. பாரம் மேலேருந்து கைமாறி மண்ணுக்கு வந்து சேரணும். நடுவுல ஒருத்தர் கையை எடுத்துட்டா குடம் என்ன ஆகும்?

இன்னொரு விஷயம் இருக்கு. சாய்ஞ்சு நிக்கிற ரெண்டு பக்கத்துக் கையும் கீழ அமுக்குறதோட நிக்காது. கால்மாட்டுல வெளிப்பக்கமா விலகப் பாக்கும். ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு உள்ளங்கையை ஒட்டி வச்சு ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு பாருங்க. வழுக்குற தரையா இருந்தா கால் பின்னாடி போயிடும். ரெண்டு பேர் காலையும் ஒரு கயித்தால இணைச்சுட்டா போகாது. ஓட்டு வீட்டுல அந்தக் கயித்தோட வேலையைச் செய்யுறது சுவருக்குச் சுவர் போட்டிருக்கிற விட்டம். சின்ன வயசுல அதைத் தொட்டில் கட்டப் போட்ட மரம்னுதான் நினைச்சோம். தொட்டில் ஆடாத நாள்லயும் அதுக்கு வேலை இருந்துச்சுன்னு பேக்டரிக்கு வந்த பிறகுதான் புரிஞ்சுது.

பேக்டரிக் கூரையும் இதேதான், பேரு மட்டும் வேற. ஓட்டுக்குப் பதில் தகர ஷீட். ரீப்பருக்குப் பதில் பர்லின். கைமரம், விட்டம் ரெண்டையும் சேர்த்து இரும்புல முக்கோணம் முக்கோணமா பின்னினா ட்ரஸ். ட்ரஸ் தூண் மேல உக்காரும், தூண் அடித்தளத்துல உக்காரும்.

ஏன் முக்கோணம்? நாலு ஐஸ்கிரீம் குச்சியைச் சதுரமா வச்சு மூலைக்கு ஒரு குண்டூசி குத்துங்க. பக்கத்துலேருந்து தள்ளினா சாய்ஞ்சு படுத்துடும். மூணு குச்சியை அதே மாதிரி குத்துங்க. குச்சி உடைஞ்சாத்தான் உண்டு, சாயாது. சதுரத்துக்கு மூலைவிட்டமா ஒரு குச்சி வச்சாலும் அது ரெண்டு முக்கோணம் ஆயிடும், அப்புறம் அசையாது. அந்த ஒரு குச்சிதான் இந்தப் பதிவுக்கே காரணம். ஞாபகம் வச்சுக்குங்க.

ட்ரஸ்ல சில சட்டம் அமுங்கும், சில சட்டம் இழுபடும். ஊதுபத்திக் குச்சியை ரெண்டு நுனியிலயும் பிடிச்சு இழுங்க. லேசுல அறாது. அதே குச்சியை ரெண்டு நுனியிலயும் அமுக்குங்க. உடனே வில்லா வளைஞ்சுடும். அதனாலதான் இழுபடுற சட்டம் ஒல்லியா இருந்தாலும் போதும்னு விடுவாங்க. பாக்குறவங்களுக்கு அது சும்மா ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரி தெரியும். ஒல்லியா இருக்கிறதால வேலை இல்லன்னு நினைச்சுடக் கூடாது.

அடுத்தது காத்து. கூரைன்னா கீழ விழாம பாத்துக்கிட்டா போதும்னு நினைப்போம். மேல பறக்காமலும் பாக்கணும். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரை ஏறினப்ப எங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் அது தெரிஞ்சு போச்சு. டார்ம்ல ராத்திரி முழுக்க போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். விடிஞ்ச பிறகு வந்த போட்டோவுல சுவர் நின்னுச்சு, மேல தகரம் இல்ல. காத்து கூரைக்கு மேல வேகமா போறப்ப கூரையை மேல உறிஞ்சும். பக்கம் திறந்த கொட்டகையா இருந்தா உள்ள புகுந்து கீழேருந்தும் தூக்கும். பக்கவாட்டுல மொத்தக் கொட்டகையையும் சாய்க்கப் பாக்கும். அந்தச் சாய்ப்பைத் தடுக்கத்தான் தூணுக்கும் மேல் இரும்புக்கும் நடுவுல சாய்வா ஒரு சட்டம் வைப்போம். பேக்டரியில பிரேஸிங்னு சொல்லுவோம். நாங்க எட்டுப் பேரும் 'சாய்வுக் கை'ன்னு சொல்லுவோம். காத்து இல்லாத நாள்ல அது சும்மாதான் நிக்கும். காத்து வர்ற அன்னைக்கு அது இல்லன்னா கொட்டகை நிக்காது.

இதெல்லாம் இரும்பு சமாச்சாரம், கோயிலுக்கும் இதுக்கும் என்னன்னு கேக்கலாம். நம்ம கோயில் எல்லாத்துலயும் இதே கணக்குதான் ஓடுது.

கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நீளமான கல் உத்திரத்துல பாரம் ஏறினா அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். அதனாலதான் கல் மண்டபத்துல தூணை நெருக்கி நெருக்கி வச்சாங்க. தூண் தலையில ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி ஒரு கல் இருக்கும், பாத்திருப்பீங்க. போதிகைன்னு பேரு. அது கொஞ்சம் வெளிய நீண்டு உத்திரத்தைத் தாங்குறதால, உத்திரம் தாண்ட வேண்டிய தூரம் குறையுது. வாழைப்பூ மாதிரி செதுக்கியிருக்கிறதால நாம அழகை மட்டும் பாத்துட்டு வந்துடுறோம்.

சிதம்பரம் பொற்கூரையைப் பத்திப் பெரியவங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க. பொன் ஓடு 21,600, ஒரு நாளைக்கு மனுசன் விடுற மூச்சு. ஆணி 72,000, உடம்புல ஓடுற நாடி. கலசம் 9, ஒன்பது சக்தி. கை 64, ஆய கலைகள். கவனிச்சீங்களா? வெளிய ஜொலிக்கிற ஓட்டையும் கலசத்தையும் எண்ணினவங்க, உள்ள மறைஞ்சிருக்கிற ஆணியையும் கைமரத்தையும் விட்டுடல.

எங்க ஊர் ஆவுடையார்கோயிலுக்குப் போனவங்க கொடுங்கையைப் பாக்காம வந்திருக்க மாட்டாங்க. கூரை விளிம்பு முழுக்க கல்லு. ஆனா அந்தக் கல்லுல மரச் சட்டம் ஓடுற மாதிரியும், சட்டத்தைச் சேர்த்து ஆணி அடிச்ச மாதிரியும் செதுக்கி வச்சிருக்காங்க. கல்லுக்கு அந்த ஆணி தேவையே இல்ல. மரக் கூரை காலத்துல பாரத்தைச் சுமந்த சட்டத்தையும் ஆணியையும், கல்லுக்கு மாறின பிறகும் சிற்பி மறக்கலைன்னுதான் நாங்க எடுத்துக்கிட்டோம். சின்ன வயசுல அதுக்குக் கீழ எத்தனையோ தடவை நின்னு புளியோதரை சாப்பிட்டிருக்கோம். இரும்பு வேலைக்கு வந்து லீவுல போனப்பதான் அண்ணாந்து பாத்தோம்.

இந்த ஊர்லயும் அப்படித்தான். 1819ல ராஃபிள்ஸோட வந்த நாராயண பிள்ளை 1827ல சவுத் பிரிட்ஜ் ரோட்டுல மாரியம்மனுக்குக் கோயில் வச்சப்ப அது மரமும் அத்தாப்பும்தான். செங்கல் கட்டடம் அப்புறம்தான் வந்துச்சு. ஆத்தா முதல்ல உக்காந்தது மரச் சட்டம் தாங்கின ஓலைக் கூரைக்குக் கீழதான்.

சரி, இப்ப எங்க தப்புக்கு வர்றோம்.

கோவிட்டுக்கு முந்தி நடந்தது. எங்க கோயில் பின்பக்கம் அன்னதானத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. அஞ்சு ட்ரஸ், பக்கத்துக்கு அஞ்சு தூண், நாலு பக்கமும் திறப்பு. பங்குனி உத்திரத்துக்கு முந்தின ராத்திரி மயில் வாகனம் அலங்காரம் முடிஞ்சு வெளிய நின்னுச்சு. வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. கொட்டகைக்குள்ள தள்ளிடலாம்னு பாத்தா, மேடையும் அடுப்பும் போக ஒரே ஒரு இடைவெளிதான் வழி. அந்த இடைவெளியிலதான் ரெண்டு தூண்லயும் சாய்வுக் கை இருந்துச்சு. தோகை நுனி அதுல இடிச்சுது.

"கழட்டிட்டு அப்புறம் மாட்டிக்கலாம்." இதைச் சொன்னது வேற யாரும் இல்ல. நாங்கதான். ஸ்பேனர் எங்க பையிலயே இருந்துச்சு. கைக்கு நாலு போல்ட், மொத்தம் எட்டு. பத்து நிமிஷ வேலை. கழட்டின ரெண்டு கையையும் சாக்குல சுத்தி மாவு கிரைண்டர் பின்னாடி வச்சோம். போல்ட், நட்டு எல்லாம் ஒரு மைலோ டின்ல. வாகனம் உள்ள போச்சு. "துவாஸ் ஆளுங்க இருந்தா கவலையே இல்லப்பா"ன்னு எல்லாரும் தட்டிக் கொடுத்தாங்க. நெஞ்சு நிமிர்ந்துச்சு.

அந்தப் பக்கத்துல மொத்தமே அந்த ரெண்டு கைதான் இருந்துச்சு. எல்லா இடைவெளியிலயும் பிரேஸிங் வைக்க மாட்டாங்க. ஒரு இடைவெளியில வச்சா மத்தத் தூண் எல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அது எங்களுக்குத் தெரியும். தெரியாம கழட்டினோம்னு சொன்னா பொய்.

மறுநாள் காலையில தோரணம் கட்ட ஒரு பெரியவர் வந்தார். தச்சு வேலை பாத்து ஓய்வுல இருந்தவர். மாவிலையைக் கையில வச்சுக்கிட்டே மேல பாத்தார்.

"தம்பி, இந்தத் தூணுக்கு ஒரு கை இருந்துச்சே, எங்கப்பா?"

"வாகனத்துக்காகக் கழட்டினோம் ஐயா. சாயங்காலம் மாட்டிடுறோம்."

"கூரை நிக்குதேன்னு விட்டுடாதீங்க. காத்து அடிக்காததால நிக்குது."

அன்னைக்கு அந்தக் கொட்டகையில பந்தி பந்தியா எவ்வளவோ பேர் சாப்பிட்டாங்க. குழந்தைங்க, வயசானவங்க, பால்குடம் எடுத்தவங்க. ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கவே பதினொண்ணு ஆச்சு. காலையில ஷிப்டு. கடைசி ரயிலைப் பிடிக்க ஓடினோம். கை ரெண்டும் கிரைண்டர் பின்னாடியே இருந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை பெரியவர் திரும்பக் கேட்டார். "மாட்டலையா தம்பி?" "அடுத்த வாரம் கண்டிப்பா ஐயா"ன்னோம். அதுக்கு அடுத்த வாரம் எங்களுக்கு ஓவர்டைம். வரவே இல்ல.

மூணாவது ஞாயிறு. விடியக்காலை நாலரை மணி. கொட்டகையில நாலு பேர் உக்காந்து காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. நாங்க மூணு பேர் அடுப்பு பத்த வச்சுக்கிட்டு இருந்தோம், முதல் நாள் ராத்திரியே வந்து தங்கியிருந்தோம். திடீர்னு காத்து குளிர்ந்துச்சு. துவாஸ்ல வேலை செய்யுறவங்களுக்கு அந்தக் குளிர் தெரியும். சுமத்ராக் காத்து. மலாக்கா ஜலசந்திப் பக்கமிருந்து கருமேகம் வரிசை கட்டி வரும். ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் எப்ப வேணா வரும், முக்காவாசி விடியக்காலையிலதான் வரும். மணிக்கு 40லேருந்து 80 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கும். மேற்கேருந்து வர்றதால துவாஸ்தான் முதல்ல வாங்கும்.

முதல் அடியில தகரம் படபடன்னு அடிச்சுது. ரெண்டாவது அடியில கொட்டகை நடந்துச்சு. ஆமாம், நடந்த மாதிரிதான் இருந்துச்சு. தூண் எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு, திரும்பி நிமிர்ந்து, திரும்பச் சாய்ஞ்சுது. ஸ்க்ரூ தெறிக்கிற சத்தம் கேட்டுச்சு. "வெளிய வாங்க, வெளிய வாங்க"ன்னு கத்துறோம். மழைத்தண்ணி போற தகரத் தொட்டி நீளமா பிச்சுக்கிட்டு உள்பக்கம் விழுந்துச்சு. விழுந்த இடத்துல முருங்கைக்காய்த் தட்டு. அந்தத் தட்டு முன்னாடி உக்காந்திருந்த அக்கா அரை நிமிஷம் முன்னாடிதான் உப்பு எடுக்கன்னு எழுந்து போயிருந்தாங்க.

அரை மணி நேரத்துல காத்து ஓய்ஞ்சு மழை மட்டும் பெஞ்சுது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. தட்டு மட்டும் ரெண்டா மடங்கிக் கிடந்துச்சு.

விடிஞ்சதும் ஆளாளுக்கு வந்து பாத்தாங்க. "என்னா காத்து! கடவுள் காப்பாத்தினார்"னாங்க. நாங்களும் "ஆமாம், பயங்கரக் காத்து"ன்னு தலையாட்டினோம். பெரியவர் வந்தார். மேல பாத்தார். எங்களைப் பாத்தார். ஒண்ணும் சொல்லாம போய்த் தோரணத்தைக் கட்ட ஆரம்பிச்சார்.

ரெண்டு நாள் அப்படியே இருந்தோம். பேக்டரியில ட்ரஸ் ஒவ்வொண்ணையும் செக் பண்ணிக் கையெழுத்துப் போடுறப்ப பேனா கனத்துச்சு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாமான் எடுக்க லாரியில சிராங்கூன் ரோடு போனோம். லாரி ஓட்டுற அண்ணன் இங்கயே பொறந்து வளர்ந்தவர். ஓவன் ரோடு முனையில சிக்னல் விழுந்துச்சு. அவர் கையைக் காட்டினார். "இங்கதான் அந்த ஹோட்டல் இருந்துச்சு."

ஹோட்டல் நியூ வேர்ல்டு. சேஃப்டி கோர்ஸ்ல நாங்களும் கேட்டிருக்கோம். 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலை. ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிஷத்துக்குள்ள உக்காந்துடுச்சு. 33 பேர் போயிட்டாங்க. 17 பேரை உயிரோட மீட்டாங்க. அப்ப எம்ஆர்டி சுரங்கம் தோண்ட வந்திருந்த ஆளுங்களும் இடிபாட்டுக்குள்ள துளை போட்டுப் போய்க் காப்பாத்தினாங்க. விசாரணையில என்ன தெரிஞ்சுதுன்னா, கட்டடத்துக்குள்ள வர்ற ஆளுங்க, சாமான் பாரத்தைக் கணக்குல எடுத்தவங்க, கட்டடத்தோட சொந்த எடையைச் சேர்க்கவே இல்ல. தூண் எல்லாம் பதினஞ்சு வருஷம் அந்தப் பாரத்தைச் சுமந்துக்கிட்டே நின்னுச்சு. நிக்குதேன்னு யாரும் சந்தேகப்படல. அதுக்கப்புறம்தான் ஒரு இன்ஜினியர் போட்ட கணக்கை இன்னொரு இன்ஜினியர் தனியா சரிபாக்கணும்னு இங்க சட்டம் வந்துச்சு.

அண்ணனுக்கு நாங்க கழட்டினது தெரியும். அன்னைக்கு ராத்திரி டார்ச் பிடிச்சவரே அவர்தான். சிக்னல் பச்சை ஆச்சு. கியர் போட்டுக்கிட்டே சொன்னார். "அவங்க கணக்குல மறந்துட்டாங்க. நாம தெரிஞ்சே கழட்டினோம்."

புதன்கிழமை வேலை முடிஞ்சு நேரா கோயிலுக்குப் போனோம். கமிட்டிக்காரங்களை உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னோம். மைலோ டின்னை மேசை மேல வச்சோம். ரொம்ப நேரம் யாரும் பேசல. செயலாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பேக்டரியில இப்படி ஒரு சட்டத்தைக் கழட்டுவீங்களா?"

கழட்ட மாட்டோம். அங்க பெர்மிட் வேணும், கையெழுத்து வேணும், சிவப்பு டேக் கட்டணும், முடிச்சதும் மாட்டிக் காமிக்கணும். காலையில டூல்பாக்ஸ் மீட்டிங்ல தினமும் இதைச் சொல்றதே நாங்கதான்.

"அப்ப இங்க மட்டும் ஏன்?"

பதில் வரல. உள்ளுக்குள்ள பதில் தெரியும். கோயில்தானே, சாமி பாத்துக்கும்னு விட்டுட்டோம். முதலாளிக்கு பயந்து செய்யுற வேலையை, முருகனுக்கு அன்பா செய்யுறோம்னு சொல்லி அசட்டையா செஞ்சிருக்கோம்.

கமிட்டி உடனே கொட்டகையை மூடினாங்க. பி.இ. ஒருத்தர் வந்து தூண், ட்ரஸ், வெல்டு எல்லாம் பாத்தார். ரெண்டு பர்லின் மாத்தணும்னார். ஸ்க்ரூ எல்லாம் புதுசு. சாய்வுக் கை ரெண்டும் புது போல்ட்டோட ஏறிச்சு. மூணு வாரம் அன்னதானம் பொட்டலம் கட்டித்தான் கொடுத்தோம். அந்த மூணு வாரமும் பொட்டலம் கட்டுறப்ப அடியார்கள் "என்ன ஆச்சு கொட்டகைக்கு?"ன்னு கேப்பாங்க. "நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்"னு சொல்லிப் பழகிக்கிட்டோம்.

அந்த அக்காகிட்ட போய் மன்னிப்பு கேட்டோம். கால்ல விழப் போனோம், விடல. "முருகன் என்னை எழுப்பி உப்பு எடுக்க அனுப்பினான். அடுத்த தடவை அவனுக்கு அந்த வேலையை வைக்காதீங்க தம்பி"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எங்களுக்குச் சிரிப்பு வரல.

போல்ட் முறுக்குறப்ப பெரியவர் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருந்தார். முடிச்சு இறங்கினதும் சின்ன நோட்டுப் புத்தகம் ஒண்ணைக் கையில கொடுத்தார். இருபது சென்ட் பழைய நோட்டு, அட்டையில அவரே எழுதியிருந்தார்: 'கழட்டினது – மாட்டினது'. இன்னைக்கு வரைக்கும் அந்த நோட்டு சமையல்கட்டு ஆணியிலதான் தொங்குது. எதைக் கழட்டினாலும் தேதி, நேரம், பேர். மாட்டினதும் பக்கத்துல கையெழுத்து. பெரியவரால இப்ப கோயிலுக்கு வர முடியறது இல்ல. போன்ல பேசுறப்ப நோட்டுல ஏதாவது பாக்கி இருக்கான்னு கேப்பார்.

புதுசா வர்ற தம்பிங்களே, தங்கச்சிங்களே, இனி சொல்றது உங்களுக்கு.

1. கொட்டகை, பந்தல், மண்டபம் எதுலயும் ஒரு சட்டத்தையும், ஒரு போல்ட்டையும், ஒரு கம்பியையும் கேக்காம கழட்டாதீங்க. 'சும்மாதான் இருக்கு'ன்னு தோணுறதைக் கண்டிப்பா கழட்டாதீங்க.

2. பர்லின்ல மணி, ஸ்பீக்கர் பாக்ஸ், பெரிய ஃபேன், எல்இடி திரை எதையும் தொங்க விடாதீங்க. அது தகரத்தையும் காத்தையும் தாங்குறதுக்குப் போட்டது. மாவிலைத் தோரணம், பூச்சரம் பரவாயில்ல. மத்ததுக்குக் கேளுங்க, எங்க தொங்க விடலாம்னு காமிக்கிறோம்.

3. மழை பெஞ்சா கூடாரத் துணியில தண்ணி தேங்குதான்னு பாருங்க. ஒரு சதுர மீட்டர்ல 10 சென்டிமீட்டர் தண்ணி நின்னா 100 கிலோ. ரெண்டு ஆள் ஏறி உக்காந்த மாதிரி. உடனே சொல்லுங்க. நீங்களே கம்பால குத்தாதீங்க, அடியில யாராவது நிப்பாங்க.

4. கூடாரக் காலுக்குப் பக்கத்துல இருக்கிற தண்ணி டிரம், கான்கிரீட் கட்டை எல்லாம் வழியை மறைக்குதுன்னு நகத்தாதீங்க. கூடாரம் பறக்காம பிடிச்சுக்கிட்டிருக்கிறது அதுதான்.

5. மேல பாத்து ஏதாவது குறையுதுன்னு தோணுச்சுன்னா கேளுங்க. வயசு, அனுபவம் எதுவும் வேண்டாம். ஒரு தடவை கேட்டு நாங்க "அடுத்த வாரம்"னு சொன்னா விடாதீங்க. சத்தம் போடுங்க. பெரியவர் மரியாதையா ரெண்டு தடவை கேட்டார், அதை நாங்க சாக்கா எடுத்துக்கிட்டோம்.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு அன்னதானக் கொட்டகையில உக்காந்து சாப்பிடுறப்ப ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. நடு இடைவெளியில ரெண்டு சாய்வுக் கைக்கும் மஞ்சள் பெயிண்ட் அடிச்சிருக்கோம். அந்த இடத்துல எங்க தலை கொஞ்சம் குனிஞ்சேதான் போகும். மயில் வாகனத்துக்கு இப்ப தோகையைக் கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சாச்சு. அதுவும் நோட்டுல எழுதித்தான்.

பந்தல் வேலைக்குப் பேர் கொடுத்தவங்க ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க. செருப்பு வேண்டாம், மூடின ஷூ போட்டுட்டு வாங்க. ஸ்பேனர் நாங்க கொண்டு வர்றோம்.

முருகா சரணம்.